இடது தோள் பூட்டிக்கொண்டது, குழந்தையைத் தூக்குவேனா?

கேள்வி:

எனக்கு வயது 52. நூலகத்தில் வேலை பார்க்கிறேன். பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், மாத்திரை மட்டும் எடுக்கிறேன். ஏழு மாதங்களுக்கு முன் இடது தோளில் லேசாக வலி ஆரம்பித்தது. அடிபடவில்லை, கனமாக எதையும் தூக்கவும் இல்லை. இடது பக்கம் என்பதால் பயந்துபோய் இதயப் பரிசோதனை செய்துகொண்டேன். கோளாறு இல்லை என்றார்கள். இப்போது தலை சீவ முடியவில்லை. முதுகுப் பக்கம் கை போகவே இல்லை. வலி தோளில் தொடங்கி முழங்கை வரை இறங்குகிறது. அந்தப் பக்கம் புரண்டு படுத்தால் அன்றைய தூக்கம் போனதுதான். விடியற்காலையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போகின்றன, கையை உதறினால் சரியாகிறது. ஸ்கேனில் தசைநாணில் பாதிக் கிழிசல் என்று வந்திருக்கிறது. பத்து நாள் பிசியோதெரபி போனேன். கரண்ட் வைத்தார்கள். கடைசி மூன்று நாள் கையைப் பிடித்து மேலே அழுத்தினார்கள். வலி கூடியதுதான் மிச்சம், நிறுத்திவிட்டேன். கையை ஆட்டாமல் வை என்கிறார் கணவர். கம்பியைப் பிடித்துத் தொங்கு, விட்டுப்போகும் என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். ஆபரேஷன் வரை போகுமா? இன்னும் நான்கு மாதத்தில் என் மகளுக்குப் பிரசவம். குழந்தையைத் தூக்குவேனா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஸ்கேனைப் பற்றிய வரியை விட்டுவிட்டு, "முதுகுப் பக்கம் கை போகவே இல்லை" என்ற வரியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். தோள் வலி என்று வருகிறவர்களிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் மேல்கையின் வெளிப்பக்கத்தைத் தடவிக் காட்டுவார்கள். மூட்டுக்குள் கோளாறு இருந்தாலும் அங்கேதான் காட்டுவார்கள், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில் இருந்தாலும் அங்கேதான். தோள் மூட்டின் வலி அப்படிக் கீழே இறங்கித்தான் தெரியும். அதனால் வலிக்கிற இடம் எனக்கு அதிகம் சொல்லாது. எது முடியவில்லை என்று சொன்னால் வழி பிடிபடும்.

கடிதத்தை மட்டும் வைத்து நோயை முடிவு செய்யக் கூடாது, கையைத் தொட்டு அசைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் நேரில் ஒருவரைப் பார்ப்பதற்கு முன் நீங்களே செய்துபார்க்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. கணவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி, 90 டிகிரி மடக்குங்கள். உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கட்டும். முழங்கை விலாவை விட்டு விலகாமல், இரட்டைக் கதவைத் திறப்பதுபோல முன்கைகளை வெளிப்பக்கம் திருப்புங்கள். வலது கை எவ்வளவு போகிறது, இடது கை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இப்போது இடது கையைத் தளர்த்திக் கணவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் உங்கள் மணிக்கட்டைப் பிடித்து அதே பக்கம், மிக மெதுவாகக் கொண்டுபோகட்டும். நீங்களாகத் திருப்பியபோது நின்ற இடத்தைத் தாண்டி அவரால் கொண்டுபோக முடிகிறதா?

தாண்டிப் போனால் மூட்டு திறந்துதான் இருக்கிறது, அதை இழுக்கிற தசையிலோ தசைநாணிலோதான் குறை. அவர் கொண்டுபோனாலும் அதே இடத்தில் ஏதோ தடுத்தாற்போல நின்றுவிட்டால் பூட்டு மூட்டுக்குள் இருக்கிறது. அங்கேயே விட்டுவிடச் சொல்லுங்கள், இன்னும் கொஞ்சம் என்று அழுத்த வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டாவதுதான் நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன். வயது, சர்க்கரை, அடிபடாமல் தானாகத் தொடங்கியது, மாதக்கணக்கில் ஒவ்வொரு அசைவாகக் குறைந்துவந்தது, இரவு வலி எல்லாமே ஒரே பக்கம் கை காட்டுகின்றன.

ஃப்ரோஸன் ஷோல்டர், அதாவது உறைந்த தோள் என்று இதைச் சொல்கிறோம். 1934-இல் காட்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் வைத்த பெயர். ஜப்பானியர்கள் இதை 'ஐம்பது வயதுத் தோள்' என்றே அழைக்கிறார்கள். 40 முதல் 60 வயதுக்குள்தான் பெரும்பாலும் வரும், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். சர்க்கரை இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் சர்க்கரை உள்ளவர்களுக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்கு. தைராய்டு கோளாறு உள்ளவர்களிடமும் கூடுதலாகப் பார்க்கிறோம். எனவே, என்ன செய்து இதை வரவழைத்துக்கொண்டேன் என்று யோசித்து மனம் வருந்தாதீர்கள். புத்தகம் அடுக்கியதால் வந்தது அல்ல.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். தோள் மூட்டைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. சட்டையின் அக்குளில் துணியைத் தாராளமாக விட்டுத் தைத்தால்தானே கையைத் தூக்க முடிகிறது? இந்த மூட்டுறையும் அப்படித்தான், அக்குள் பக்கம் மடிப்பு மடிப்பாகத் தளர்ந்திருக்கும். கை மேலே போகும்போது அந்த மடிப்பு விரியும். உறைந்த தோளில் இந்த உறை முதலில் அழற்சி கண்டு வலிக்கிறது, பிறகு தடித்துச் சுருங்குகிறது, மடிப்புகள் இல்லாமல் போகின்றன. நலமான மூட்டுறைக்குள் 15 முதல் 30 மில்லி வரை திரவம் கொள்ளும் என்றால், நன்றாக இறுகிப்போன உறையில் பல சமயம் 10 மில்லிகூடக் கொள்ளாது. இறுக்கமாகப் பிடித்த சட்டையோடு தலை சீவ முயல்வதுதான் இப்போது உங்கள் நிலை.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். கையைத் தூக்கும்போது இடது தோள் காதை நோக்கி ஏறும். கையை முழுதாகத் தலைக்கு மேல் கொண்டுபோவது 180 டிகிரி அசைவு. அதில் சுமார் 120 டிகிரியை மூட்டும், மீதி 60 டிகிரியைத் தோள்பட்டை எலும்பும் பங்கிட்டுக்கொள்கின்றன. மூட்டு தன் பங்கைச் செய்யாதபோது தோள்பட்டை எலும்பு கூடுதலாக உழைக்கிறது. மாலையில் கழுத்தும் பிடரியும் இறுகி வலித்தால் அது இந்தக் கூடுதல் உழைப்பின் களைப்பு.

எக்ஸ்ரே எடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. எடுக்கவில்லை என்றால் ஒன்று எடுத்துவிடுங்கள். தோள் மூட்டுத் தேய்மானத்திலும் கை இதேபோல் திரும்பாது, அதைப் பிரித்துக் காட்டச் சாதாரண எக்ஸ்ரே போதும். உறைந்த தோளில் எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும்.

இனி அந்தக் கிழிசல். தோள் உருண்டையைக் குழியில் பிடித்து வைக்க நான்கு தசைகள் இருக்கின்றன, அவற்றின் தசைநாண்கள் சேர்ந்து உருண்டையை ஒரு கவசம்போலச் சூழ்ந்திருக்கின்றன. ரொட்டேட்டர் கஃப் என்று ஸ்கேன் தாளில் எழுதியிருப்பது இதைத்தான். ஐம்பதைத் தாண்டியவர்களின் வலியே இல்லாத தோள்களை ஸ்கேன் செய்தாலும் இங்கே நைந்த இடமும் பாதிக் கிழிசலும் நிறையவே தெரியும். முடி நரைப்பதுபோல வயதோடு வருவது. உங்கள் வலது தோளையும் அதே கருவியில் பார்த்திருந்தால் ஏறக்குறைய இதே வாசகம் அங்கேயும் வந்திருக்க வாய்ப்புண்டு. கிழிசல் கையைப் பலவீனமாக்கும், பூட்டாது. கணவர் கொண்டுபோயும் கை போகவில்லை என்றால் அந்தத் தடைக்குக் கிழிசல் காரணம் ஆகாது. படத்தில் இருப்பது பொய் என்று சொல்லவில்லை. உங்கள் வலிக்கு அதுதான் பொறுப்பு என்று படம் சொல்லவில்லை, அவ்வளவே. 'கிழிசல்' என்ற ஒரு சொல்லைப் படித்துவிட்டு, அசைத்தால் இன்னும் கிழியும் என்று கையைக் கட்டிப்போட்டுக்கொண்ட எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் செய்யும் கேட்டைக் கிழிசல் செய்வதில்லை.

விரல் மரத்துப்போவதைத் தோளோடு சேர்த்துவிடாதீர்கள். உறைந்த தோளின் வலி பொதுவாக முழங்கைக்குக் கீழே அதிகம் இறங்காது, விரல்களை மரத்துப்போகச் செய்யவும் செய்யாது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், அதுவும் விடியற்காலையில், உதறினால் விட்டுப்போகிறது என்றால் மணிக்கட்டில் ஒரு நரம்பு அழுத்தப்படுகிறது என்றுதான் முதலில் சந்தேகிப்பேன். கார்ப்பல் டனல் சிண்ட்ரோம் என்று பெயர். அதற்கும் சர்க்கரையும் தைராய்டும் துணைபோகும். ஆக ஒரே கையில் இரண்டு கோளாறுகள், பின்னணி ஒன்று. கழுத்திலிருந்து வரும் நரம்பு அழுத்தப்பட்டாலும் இதே விரல்கள் மரக்கலாம். தலையை லேசாகப் பின்னால் சாய்த்து இடது பக்கம் திருப்பும்போது கை வழியே மின்சாரம் பாய்வதுபோல் இறங்கினால், அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்படி எதுவும் இல்லை என்றால், இரவில் மணிக்கட்டு மடங்காமல் நேராக வைத்திருக்கும் உறைப்பட்டை ஒன்றை வாங்கிச் சில வாரங்கள் போட்டுக்கொண்டு படுங்கள். மரப்பு பகலிலும் தொடர்ந்தால், கட்டைவிரலின் அடிச்சதை வற்றினால், பிடித்த பொருள் நழுவினால் நரம்புக் கடத்தல் சோதனை செய்ய வேண்டும். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

இரத்தத்தில் இரண்டு பரிசோதனைகள் கேட்டு வாங்குங்கள். தைராய்டு ஒன்று. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி ஒன்று. சர்க்கரை கட்டுக்குள் இல்லாத தோள் மெதுவாகத்தான் இளகுகிறது, நான் பார்த்தவர்களில் இதுதான் அனுபவம்.

இப்போது உங்கள் மனத்தில் இருக்கும், நீங்கள் நேராகக் கேட்காத கேள்விக்கு வருகிறேன். பத்து நாள் போயும் பலன் இல்லையே, பிசியோதெரபியால் என்ன பயன்?

உறைந்த தோளுக்கு மூன்று பருவங்கள் உண்டு. முதலில் வலி ஆளும் பருவம்: சும்மா இருக்கும்போதும் வலிக்கும், இரவில் எழுப்பிவிடும், அசைவு மெல்ல மெல்லக் குறையும். அடுத்தது இறுகிய பருவம். வலி தணிந்திருக்கும், கடைசி எல்லையில் இழுத்தால் மட்டும் வலிக்கும், ஆனால் கை போகாது. மூன்றாவது இளகும் பருவம். மூன்றும் சேர்ந்து ஓராண்டிலிருந்து மூன்றாண்டு வரை எடுக்கலாம். இந்தப் பருவங்கள் கோடு போட்டாற்போல் பிரிந்திருப்பதில்லை, ஒன்றோடொன்று கலந்தே வரும். நீங்கள் இரவில் தூக்கம் கெட்டு விழிக்கிறீர்கள் என்றால் முதல் பருவத்தைவிட்டு இன்னும் முழுதாக வெளியே வரவில்லை. அந்த நேரத்தில் கையைப் பிடித்து அழுத்தினால், ஏற்கெனவே அழன்றிருக்கும் உறையைச் சீண்டியதாகிறது. வலி கூடியதில் வியப்பில்லை. குறை உங்கள் உடம்பில் இல்லை. செய்த முறை இந்தப் பருவத்துக்கு ஒத்ததல்ல.

வேலைக்கு வந்த முதல் ஆண்டுகளில் நானும் அப்படி அழுத்தியிருக்கிறேன். ஒட்டிக்கொண்டிருக்கிறது, இழுத்தால் விட்டுவிடும் என்று நம்பினேன். உங்கள் வயதுள்ள ஓர் அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு மேசையில் படுத்திருந்தார். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கும் வரணுமா?" என்று கேட்டார். வரவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. 2004-இல் நெதர்லாந்தில் 77 பேரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வலி அனுமதிக்கும் எல்லைக்குள் மட்டும் கையை அசைத்து வந்தவர்கள், வலியைத் தாண்டி இழுக்கப்பட்டவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

கரண்ட் வைப்பது தவறு என்று சொல்ல மாட்டேன். சூடும் மின் தூண்டலும் கொஞ்ச நேரம் வலியைத் தணிக்கும், அந்த நேரத்தில் கையை அசைத்துக்கொள்ளலாம். மிஷினை மட்டும் வைத்து அனுப்பினால் உறை இளகாது. அடுத்து யாரிடம் போனாலும் ஒன்றைக் கவனியுங்கள். முதல் நாளே கோணமானி வைத்து உங்கள் கை எத்தனை டிகிரி போகிறது என்று அளந்து எழுதுகிறாரா? வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று செய்துகாட்டி, உங்களைச் செய்யச் சொல்லிப் பார்க்கிறாரா? வலித்தால் நிறுத்துகிறாரா? இந்த மூன்றும் இருந்தால் அவரை நம்பிப் போகலாம்.

இரவு வலி இவ்வளவு இருக்கும்போது மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி எலும்பு மருத்துவரிடம் பேசுங்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் பலர் பயப்படுகிறார்கள். முதல் பருவத்தில், அழற்சி உச்சத்தில் இருக்கும்போது போட்டால்தான் அது நன்றாக உதவுகிறது. எல்லாம் இறுகி முடிந்த பிறகு போட்டால் பலன் குறைவு. வலி தணிந்தால் பயிற்சிக்கு வழி திறக்கும். ஆனால் உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது. ஊசிக்குப் பின் சில நாள்கள் சர்க்கரை அளவு ஏறும். எனவே சர்க்கரைக்குப் பார்க்கும் மருத்துவருக்கும் தெரிவித்து, அந்த வாரம் வீட்டிலேயே அடிக்கடி அளந்து பாருங்கள். ஹெச்பிஏ1சி மிக அதிகமாக இருந்தால் முதலில் அதை இறக்கிக்கொள்ளச் சொல்லலாம்.

பயிற்சிகளைச் சொல்கிறேன். தினமும் ஒரே மூச்சில் அரை மணி நேரம் செய்வதைவிட, ஐந்து நிமிடமாக நான்கைந்து முறை செய்வது நல்லது. வெந்நீரில் குளித்ததும் செய்தால் தோள் கொஞ்சம் இணங்கி வரும். ஒத்தடம் கொடுப்பதானால் துணியில் சுற்றி 10 அல்லது 15 நிமிடம் போதும். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோலில் உணர்வு மந்தமாக இருக்கலாம், சூடு பட்டது தெரியாமல் புண்ணாகிவிடும்.

முதலாவது, கையை ஊஞ்சலாட விடுவது. வலது கையை மேசையில் ஊன்றி இடுப்பிலிருந்து முன்னால் குனியுங்கள். இடது கை கயிறுபோலத் தொங்கட்டும். தோளால் ஆட்ட வேண்டாம். உடம்பை முன்னும் பின்னுமாக அசைத்தால் கை தானாக ஆடும். முன்பின்னாக, பக்கவாட்டில், சிறு வட்டமாக, ஒன்றிரண்டு நிமிடம். கையின் எடையே மூட்டை இதமாகக் கீழே இழுத்துக் கொடுக்கும். தலைசுற்றல் உள்ளவர்கள் குனியாமல், உட்கார்ந்து செய்யும் அடுத்த பயிற்சியோடு தொடங்கலாம்.

இரண்டாவது, மேசைமுன் உட்கார்ந்து, ஒரு துண்டின்மேல் இரண்டு கைகளையும் வைத்து, உடம்பைச் சாய்த்தபடி துண்டை முன்னால் தள்ளிக்கொண்டே போவது. இழுப்பு தெரிகிற இடத்தில் ஐந்து விநாடி நின்று, திரும்பி வாருங்கள். பத்து முறை. கையைத் தூக்கும் அதே அசைவுதான் இது, ஆனால் எடையை மேசை தாங்கிக்கொள்கிறது.

மூன்றாவதுதான் உங்களுக்கு முக்கியம், ஏனென்றால் உறைந்த தோள் முதலில் பறிப்பது வெளிப்பக்கம் திரும்பும் அசைவை. மல்லாந்து படுத்து, இடது முழங்கைக்குக் கீழே மடித்த துண்டு ஒன்றை வையுங்கள். முழங்கை விலாவோடு ஒட்டி 90 டிகிரி மடங்கியிருக்கட்டும். இரண்டு கைகளாலும் ஒரு தடியைக் குறுக்காகப் பிடித்து, வலது கையால் தடியைத் தள்ளி இடது முன்கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். இடது கை வேலை செய்ய வேண்டாம், தடியோடு போகட்டும். பத்து முறை.

எவ்வளவு வலி வரலாம்? பத்துக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு. செய்து முடித்த கொஞ்ச நேரத்தில் அது பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். அன்றிரவு தூக்கம் வழக்கத்தைவிடக் கெட்டால் மறுநாள் பாதியாகக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். முதுகுப் பக்கம் துண்டைப் பிடித்து மேலே இழுக்கும் பயிற்சியை எல்லாரும் சொல்வார்கள். இரவு வலி இருக்கும்வரை அதைத் தொடவே வேண்டாம். கடைசியாகத் திரும்பி வருகிற அசைவு அது. வலி தணிந்து இறுக்கம் மட்டும் மிஞ்சியபின் இழுப்பை மெல்லக் கூட்டலாம். அதற்கும் பிறகுதான் சுவரில் கையை அழுத்துவது, ரப்பர் பட்டையை இழுப்பது என்று வலுவுக்கான பயிற்சிகள்.

தினமும் அளந்து பார்த்தால் மனம் சோர்ந்துவிடும். வாரத்துக்கு ஒரு நாள் சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் நடந்து ஏறி, விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். இரண்டு வாரம் கோடு அதே இடத்தில் நிற்கும். சில வாரம் இறங்கக்கூடச் செய்யும். இரண்டு மாதக் கோடுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தூங்கும் முறையை இன்றிரவே மாற்றிக்கொள்ளுங்கள். மல்லாந்து படுத்தால் மேல்கை பின்னால் சரிந்து மூட்டின் முன்பக்கத்தை இழுக்கும், வலி எழுப்புவது பெரும்பாலும் அதனால்தான். முழங்கையும் மேல்கையும் உடம்பின் மட்டத்துக்கு வரும்படி அடியில் ஒரு தலையணையோ மடித்த போர்வையோ கொடுங்கள். வலது பக்கம் ஒருக்களித்தால் மார்போடு ஒரு தலையணையை அணைத்து, இடது கையை அதன்மேல் கிடத்துங்கள்.

நூலகத்தில் மேல் தட்டுகளை இப்போதைக்கு வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும், அல்லது படிக்கட்டுப் பலகையில் ஏறி, புத்தகம் மார்பு மட்டத்துக்கு வரும்படி நின்று எடுங்கள். ஒரு புத்தகத்தைக் கைநீட்டி எடுப்பதற்கும் முழங்கையை விலாவோடு வைத்து எடுப்பதற்கும் தோளுக்குப் பெரிய வித்தியாசம். மார்பு மட்டத்துக்குக் கீழே வழக்கமான வேலைகள் எல்லாவற்றையும் இடது கையாலும் செய்யுங்கள். கையை ஆட்டாமல் வைக்கச் சொல்லும் கணவரின் அக்கறை புரிகிறது. ஆனால் கட்டிப்போட்ட உறை இன்னும் சுருங்கும். கம்பியில் தொங்குவது அதற்கு நேர்மாறான தவறு. முழு உடம்பின் எடையும் அழன்ற மூட்டில் இறங்கும். இருவரும் உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறார்கள். இரண்டும் வேண்டாம்.

ஆபரேஷன் பற்றி. பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படுவதில்லை. மயக்கம் கொடுத்து மூட்டை அசைத்து விடுவது, சிறு துளை வழியே இறுகிய உறையை வெட்டி விடுவது என்று இரண்டு வழிகள் இருக்கின்றன. ஊசியோடு சேர்ந்த பிசியோதெரபியையும் இந்த இரண்டையும் 503 பேரிடம் ஒப்பிட்டு, 2020-இல் பிரிட்டனில் ஒரு பெரிய ஆய்வு முடிவு வெளியானது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது மூன்றில் எதுவும் மற்றவற்றைவிடத் தெளிவாக மேல் என்று சொல்ல முடியவில்லை. பல மாதங்கள் முறையாகச் செய்தும் கை இளகவில்லை, அன்றாட வாழ்க்கை நின்றுபோகிறது என்றால் அப்போது யோசிக்கலாம். இன்று உங்கள் கதவைத் தட்டுகிற கேள்வி அது அல்ல. சர்க்கரை உள்ளவர்களில் சிலருக்குக் கடைசியில் கொஞ்சம் இறுக்கம் மிஞ்சிவிடுகிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அன்றாட வேலைக்கு அது பெரும்பாலும் தடையாக இருப்பதில்லை.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. தோள் சிவந்து வீங்கிக் காய்ச்சல் அடித்தால், விழுந்தபின் கையைத் தூக்கவே முடியாமல் போனால், கைப்பிடி பலவீனமானால், காரணமில்லாமல் எடை குறைந்தால் மருத்துவரிடம் போங்கள். காலையில் இரண்டு தோள்களும் இடுப்பும் அரை மணிக்கு மேல் விறைத்து நின்றால் அதற்கு வேறு வைத்தியம் இருக்கிறது. இதயப் பரிசோதனையில் கோளாறு இல்லை என்பது அன்றைய நிலவரம்தான். நடக்கும்போதோ படி ஏறும்போதோ மார்பு இறுகினால், வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்து கை வலித்தால், தோள் வலிதானே என்று இருந்துவிடாமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இதய வலி மங்கலாகவும் வரும்.

குழந்தையைத் தூக்குவீர்களா? தூக்குவீர்கள். நான்கு மாதத்தில் தோள் முழுதாகத் திறந்துவிடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், ஆனால் கைக்குழந்தையை ஏந்துவதற்கு முழுதாகத் திறந்த தோள் தேவையில்லை. பிறந்த குழந்தை ஏறக்குறைய 3 கிலோ. முழங்கை விலாவோடு ஒட்டி, மடங்கி, முன்கை தொட்டில்போல் இருந்தால் போதும், இறுகிய தோளுக்கும் அந்த நிலை எட்டும். சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது: படுக்கையிலிருந்து குனிந்து எடுக்கும்போதும், கைநீட்டி இன்னொருவரிடம் கொடுக்கும்போதும். எனவே முதல் மாதங்களில் நீங்கள் கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளுங்கள், குழந்தையை மகள் மடியில் கொண்டுவந்து வைக்கட்டும். இடது முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை. தலை இடது முழங்கை மடிப்பில், உடம்பின் பாரம் வலது கையில். குளிப்பாட்டுவதை மட்டும் வேறு யாரிடமாவது விடுங்கள். ஈரக் குழந்தை நழுவும்போது கை சட்டென்று நீளும், அந்த வேகத்தை உங்கள் தோள் இப்போது தாங்காது. இன்னும் இரண்டு மாதம் கழித்து, இரவு வலி அடங்கியதும், ஒரு துணிப்பையில் முதலில் 1 கிலோ, பிறகு 2, பிறகு 3 என்று எடை வைத்து, அதே நாற்காலியில் அதே மாதிரி ஏந்திப் பழகுங்கள்.